காணாமல் போன ‘தே’

வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. நேராக ஜன்னலுக்குப் போனார். இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தினார். கொக்கியையும் மாட்டிவிட்டு அதை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார்.

“மேல ஃபேன் ரிப்பேருங்க. சாத்தினா மூணு பேரும் வெந்துடுவோம்,” என்றார் கண்டக்டர்.

“பரவாயில்லை, வேகலாம். கீழே அந்தப் பாட்டு ஓடுது.”

ஓடிக்கொண்டுதான் இருந்தது. கீழே இருந்தது சலவைக் கடை. இஸ்திரி போடுகிறவன் அந்தப் பாட்டுக்குத் தோதாகத்தான் பெட்டியையே தேய்ப்பான். அவனை மட்டும் சொல்வானேன்? அந்த மாதம் எங்கேதான் அது ஓடவில்லை? உடற்பயிற்சிக் கூடத்தில் ஓடியது, மருந்துக் கடையில் ஓடியது, பின்னால் எடுக்கிற வேன்கூட அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டுதான் பின்னால் வந்தது.

பாட்டுக்குப் பெயர் ‘வாடா’. ஹவுஸ் மியூசிக் என்கிறார்களே, அந்த ரகம். தும் தும் தும் என்று விடாமல் ஒரு தாளம். அதன் மேல் ஏதோ பழைய ஒலிப்பதிவிலிருந்து வெட்டி ஒட்டிய ஒரு பெண் குரல். “வாடா... வாடா... வாடா...” அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை கிடையாது. முதல் வாரம் தரவரிசையில் நாற்பதாவது இடம். இரண்டாவது வாரம் பதினொன்று. மூன்றாவது வாரம் முதலிடத்தில் போய் உட்கார்ந்தது, இது எட்டாவது வாரம், எழுந்திருக்கிற வழியாகக் காணோம். பாடியது யார் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

“அது என் அக்கா குரல்,” என்றார் வந்தவர்.

“இவ்வளவுதானா? அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சுது,” என்றார் கண்டக்டர்.

“அக்கா செத்து இருபத்தி நாலு வருஷம் ஆச்சு.”

கண்டக்டர் வாயை மூடிக்கொண்டார். அவர் வாய் மூடுவது அபூர்வம். இருபது வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். முதுகுத்தண்டு மக்கர் செய்து வேலையை விட்டபோது, விசிலைத்தான் டிப்போவில் ஒப்படைத்தாரே தவிர, வாயை ஒப்படைக்கவில்லை. இப்போது டீச்சருக்கு உதவியாளர்.

டீச்சர் என்றால் நிஜமாகவே டீச்சர்தான். பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணம் நடத்தியவர். ஒரு வருடம் தேர்வுத்தாள் வெளியே போனபோது, அதையொட்டி வந்த மிரட்டல் கடிதத்தில் வேண்டாத இடத்தில் ஒரு ‘ப்’ போட்டிருந்ததை வைத்து, அந்த ‘ப்’பை வழக்கமாகப் போடுகிற குமாஸ்தாவைக் கையும் களவுமாகப் பிடித்தார். அன்றிலிருந்து ஊரார் அவரிடம் கட்டுரை நோட்டைக் கொண்டுவருவதை விட்டுவிட்டுக் கஷ்டங்களைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள்.

“உட்காருங்க,” என்றார் டீச்சர். “விரல்ல ரோஸ் பவுடர். பல்செட் செய்றவரா?”

“ஆமாங்க. டாக்டருங்க அளவு எடுத்து அனுப்புவாங்க. நான் மெழுகுல பல்லை அடுக்கி, வார்த்து, தேய்ச்சுக் குடுப்பேன்.” தன் விரல்களையே பார்த்தார். “இந்தத் தொழிலுக்கு வந்ததே அக்காவாலதான்.”

பிறகு மடை திறந்த மாதிரி கொட்டிவிட்டார்.

அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டார்கள். ஏழு வயது மூத்த அக்காதான் சட்டைக் காலர் தைத்து இவரை வளர்த்தாள். இவருக்குப் பதினெட்டு ஆனபோது, தனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டாள். தம்பியிடம் அனுமதி கேட்ட அக்கா! இவருக்கோ அக்கா போய்விட்டால் தனக்கு யார் என்ற பயம். பயத்தைப் பயமென்று சொல்லத் தெரியாத வயது, அதனால் கத்தினார்.

“வெளியே போயிட்டுத் திரும்ப உள்ள வர வந்தா. நான் கதவை அறைஞ்சேன். கதவு வாயில பட்டு முன்பல்லு ஒண்ணு, இடது பக்கத்துது, அப்படியே வந்துடுச்சு. கை நிறைய ரத்தத்தோட நிக்கிறா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘இனிமே என் மூஞ்சியில முழிக்காதே’ன்னேன்.”

கண்டக்டர் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

“சாயங்காலம் ஆறு மணி. போனவதான். மறுநாள் ஆத்துப் பாலத்துல அவ செருப்பு ரெண்டும் கிடந்துச்சு. ஆத்துல வெள்ளம். உடம்புகூடக் கிடைக்கலை.” ஒரு வாய் தண்ணீர் குடித்தார். “என்னை ‘வாடா’ன்னு கூப்பிட்டது இந்த உலகத்துல அவ ஒருத்திதான். இப்போ தெருவுக்குத் தெரு கூப்பிடுறா. போன வாரம் மூணு தடவை அந்தப் பாலத்துல போய் நின்னுட்டேன், டீச்சர். எப்படிப் போனேன்னே தெரியலை. நாலாவது தடவை போனா திரும்பி வருவேனான்னு எனக்கே பயமா இருக்கு. அவ கூப்பிடுறாளா இல்லையா, எனக்கு அது மட்டும் தெரியணும்.”

டீச்சர் எழுந்து, அவர் சாத்திய ஜன்னலைத் திறந்துவிட்டார். “வாடா... வாடா...” என்று குரல் உள்ளே வந்தது. பல்செட்காரர் காதைப் பொத்திக்கொண்டார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, விரலால் மேசையில் தாளம் தட்டியபடி, பாட்டு முடிகிறவரை கேட்டார்.

“இது ‘வாடா’ இல்லை,” என்றார்.

“டீச்சர், ஊரே அப்படித்தான் பாடுது,” என்றார் கண்டக்டர்.

“ஊர் தப்பாப் பாடுது. ஒருத்தரைக் கூப்பிடும்போது ‘டா’வை இழுப்போம், இல்லைன்னா இறக்குவோம். நீங்க உங்க பஸ் டிரைவரைக் கூப்பிட்டுப் பாருங்க.”

கண்டக்டர் கூப்பிட்டுப் பார்த்தார். இழுபட்டது.

“இந்தப் பொண்ணு ரெண்டும் செய்யலை. ‘டா’ மேல ஏறி அந்தரத்துல நிக்குது. பாதிச் சொல்லு அது. மிச்சத்தை யாரோ வெட்டிட்டாங்க. ‘வாடா’வுக்கு அப்புறம் என்ன வரும்?”

“வாடா மாப்ளே... வாடகை... வாடாமல்லி...”

“வாடகையில வர்றது குறில் ‘ட’, கண்டக்டர். வாடாமல்லியை எந்தப் பொண்ணு இப்படி உருகிப் பாடுவா?”

பல்செட்காரர் காதிலிருந்து கையை மெதுவாக எடுத்தார். “வாடாதே,” என்றார். “எனக்குக் காய்ச்சல் வந்தா தலைமாட்டுல உட்கார்ந்து பாடுவா. ‘வாடாதே, வாடாதே’ன்னு அவளே கட்டின பாட்டு. என் முகம் வாடிடக் கூடாதாம்.” சட்டென்று நிமிர்ந்தார். “அப்போ... கூப்பிடலையா?”

“கூப்பிடலை. ஆறுதல் சொல்லியிருக்காங்க. ஆனா அதைவிடப் பெரிய கேள்வி ஒண்ணு இருக்கு. எப்போ சொன்னாங்க? ‘வா’ சொல்லுங்க.”

“வா.”

“மேல் பல்லுல கீழ் உதடு லேசாப் படுது, அவ்வளவுதான். நாக்கு சும்மா கிடக்கு. ‘டா’?”

“டா. நாக்கு வளைஞ்சு மேலண்ணத்துல படுது.”

“‘தே’?”

“தே.” பல்செட்காரரின் முகம் மாறியது. அவர் தொழில் அவருக்கு முந்திக்கொண்டது. “நாக்கு நேரா மேல் முன்பல்லுக்குப் பின்னாடி போகுது. அங்கே பல்லு இல்லைன்னா காத்து போகும், விசில் அடிக்கும். என்கிட்ட வர்றதுல பாதிப் பேர் அந்த விசிலுக்குத்தான் வர்றாங்க.”

“அக்காவோட ‘தே’ சுத்தமா விழுந்தா, பல்லு போறதுக்கு முன்னாடி பதிவு பண்ணினது. விசில் அடிச்சா?”

 பல் போனது அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு. பல் இல்லாத வாயால் அவள் பாடியிருந்தால், அன்று அவள் ஆற்றில் விழவில்லை. 

“அந்த ஒரு எழுத்து வேணும் எனக்கு,” என்றார் டீச்சர். “நீங்க பட்டறைக்குப் போங்க. இன்னைக்குப் பாலம் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது. நான் கூப்பிட்டா மட்டும் வாங்க.”

பாட்டைச் செய்தவனை எல்லாரும் ‘பீட்டு’ என்றுதான் சொன்னார்கள். மோட்டார் உதிரிபாகக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தது. ஜன்னலை மெத்தையால் அடைத்திருந்தான். பீரோ உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் வாய் பேசாமல் நின்றன. முதலிடம் பிடித்ததற்காகக் பாட்டுக் கம்பெனி கொடுத்த கேடயம், சுற்றிய காகிதம்கூடப் பிரிக்கப்படாமல் செருப்பு விடுகிற இடத்தில் கிடந்தது. எட்டு வாரம் ஊரை ஆட்டிவைத்தவன் வீடு எழவு வீடு மாதிரி இருக்கிறதே என்று கண்டக்டர் நினைத்தார்.

பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். வற்றல் உடம்பு. பல் மட்டும் முத்துக் கோத்தாற்போல் வரிசையாக இருந்தது. பற்பசை விளம்பரத்துக்கு அப்படியே கூட்டிக்கொண்டு போகலாம்.

“குரல் யாருதுன்னு கேட்க வந்திருக்கீங்க, அதானே? தெரியாது.”

கண்டக்டரின் வலது கால் தன்னிச்சையாக ஓர் அடி முன்னால் போனது. ஏன் போனது என்று அவருக்கே விளங்கவில்லை. இழுத்து வைத்துக்கொண்டார்.

“இதுவரைக்கும் ஏழு பேர் வந்துட்டாங்க,” என்றான் பையன். “ஏழு பேரும் ‘அது என் குரல்’ங்கிறாங்க. ஒருத்தி வாசல்லயே பாடிக் காட்டினா. பக்கத்து வீட்டு நாய் ஓடியே போச்சு.”

“நாங்க பாட வரலை, பயப்படாதீங்க,” என்றார் கண்டக்டர். “பதிவு எங்கே கிடைச்சுது?”

“பழைய சாமான் கடையில. மார்க்கெட் பின்னாடி. டேப் ரெக்கார்டர் ஒண்ணு வாங்கினேன், உள்ள கேசட் இருந்துச்சு. அந்த அம்மா யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“‘டா’வுக்கு அப்புறம் ஒரு எழுத்து இருந்துச்சே தம்பி,” என்றார் டீச்சர் சாதாரணமாக. “அதை ஏன் வெட்டினீங்க?”

பையன் கதவைப் பாதி சாத்தினான். “தாளத்துக்கு இடிச்சுது. வெட்டிட்டேன்.”

“வெட்டினது இருக்கா?”

“அழிச்சாச்சு. டேப்பும் அறுந்து போச்சு. அந்த அம்மாவை விட்டுடுங்க மேடம். தயவு செஞ்சு. போதும்.”

கதவு சாத்தப்பட்டது. அறையவில்லை, மெதுவாகத்தான் சாத்தினான். படி இறங்கும்போது கண்டக்டர் முணுமுணுத்தார். “டேப்பு அறுந்துச்சாம், எழுத்து அழிஞ்சுச்சாம். கிணத்தைக் காணோம்னு சொல்லாத குறை. பாவி, ஒரு எழுத்தை வெட்டி, ஒரு மனுஷனை ஆத்துப் பாலம் வரைக்கும் இழுத்துட்டான்.”

டீச்சர் உதட்டுக்குள்ளேயே எதையோ சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பழைய சாமான் கடையில் மின்விசிறி இறக்கைகளுக்கும் நின்றுபோன கடிகாரங்களுக்கும் நடுவில் கடைக்காரர் தலை மட்டும் தெரிந்தது. பையனின் அடையாளம் சொன்னதும் சிரித்துவிட்டார்.

“வாங்கினானா? அவன் விக்கத்தானே வந்தான்!”

“என்னது?”

“ரெண்டு வருஷம் இருக்கும். ஒரு வீட்டுச் சாமான் மொத்தத்தையும் வண்டியில ஏத்திக்கிட்டு வந்தான். பாத்திரம், தையல் மிஷின், பொம்பளைங்க செருப்பு, இந்த டேப் ரெக்கார்டர். விலைகூடப் பேசலை, கொட்டிட்டுப் போயிட்டான். மறுநாள் நான் ஷட்டரைத் தூக்குறேன், வாசல்ல உட்கார்ந்திருக்கான். விடியறதுக்கு முன்னாடியே வந்துட்டான்போல. ‘உள்ள ஒரு கேசட் இருந்துச்சு அண்ணே, அது வேணும்’னு அழுவுறான். ரெக்கார்டரோட தூக்கிக் குடுத்தேன். கைக்குழந்தையை வாங்குற மாதிரி வாங்கிக்கிட்டுப் போனான்.”

வெளியே வந்ததும் கண்டக்டர் துள்ளினார். “பிடிச்சாச்சு டீச்சர்! யார் வீட்டுலயோ சுருட்டிக்கிட்டு வந்திருக்கான். திருட்டுச் சாமான்!”

“திருடினவன் வித்ததைத் திரும்ப வாங்க அழுதுக்கிட்டு வருவானா?”

கண்டக்டரின் துள்ளல் அடங்கியது. “வரமாட்டான்.”

“அது இருக்கட்டும். காலையில அந்தப் பையன் ‘தெரியாது’ன்னு சொன்னப்ப நீங்க ஏன் காலைத் தூக்கி முன்னால வெச்சீங்க?”

“நீங்க அதையும் பார்த்தீங்களா? இருபது வருஷப் பழக்கம் டீச்சர். எங்கேயாவது விசில் கேட்டா கால் தானா நகரும், வண்டி கிளம்பிடுச்சுன்னு...” கண்டக்டர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். “டீச்சர்! ஆனா அவனுக்குப் பல்லு அத்தனையும் இருக்கே!”

“மூச்சு விடாதீங்க. பல்செட்காரரை வரச் சொல்லுங்க. பல்லைப் பத்தி நான் சொன்னா யூகம். அவர் சொன்னாத்தான் சாட்சி.”

மூன்று மணிக்கு மூவரும் மூன்றாவது மாடியில் நின்றார்கள். கதவைத் திறந்த பையன் சலித்துக்கொண்டான். “மறுபடியுமா?”

“ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடுறோம்,” என்றார் டீச்சர். “இன்னைக்கு என்ன தேதி?”

“பத்தாம் தேதி. இதைக் கேட்கவா மாடி ஏறி வந்தீங்க?”

மெல்லிய சத்தம்தான், ஊசிமுனை அளவு காற்று. தெரியாதவர்களுக்குக் கேட்கவே கேட்காது. ஆனால் பல்செட்காரர் முதுகு விறைத்தது. டீச்சரைத் தாண்டிக்கொண்டு முன்னால் போனார்.

“வாயைத் திற தம்பி.”

அந்தக் குரலில் தொழில் இருந்தது. அப்படிச் சொன்னால் யாராக இருந்தாலும் திறந்துவிடுவார்கள். பையனும் திறந்தான். பல்செட்காரர் அவன் தாடையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினார். கட்டைவிரலால் மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

“ஒரு பல்லுகூடப் போகலை. கட்டினதும் இல்லை. நடுவுல சந்துகூட இல்லை.” தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார். “இந்தப் பல்லுக்கு அந்தச் சத்தம் வரவே வராது. எங்கே, இன்னொரு தடவை தேதி சொல்லு.”

“பத்தாம் தேதி,” என்றான் பையன் மிரட்சியோடு.

“நாக்கு இடது பக்கம் சாயுது. அங்கே ஒரு ஓட்டை இருக்கிற மாதிரி போகுது. இல்லாத ஓட்டையைத் தேடிக்கிட்டுப் போகுது.” தாடையை விடாமலே கேட்டார். “குழந்தைங்க காதால மட்டும் பேசக் கத்துக்கிறதில்லை, எதிர்ல இருக்கிற வாயைப் பார்த்துக் கத்துக்குவாங்க. தம்பி, நீ யார் வாயைப் பார்த்துப் பேசப் பழகினே?”

பையன் அவர் கையை விலக்கவில்லை. 

“அம்மா வாயை.”

“நாம தேடின எழுத்து டேப்புல இல்லை, கண்டக்டர்,” என்றார் டீச்சர் தணிந்த குரலில். “காலையிலேயே இந்த வாசல்ல நின்னு பேசிச்சு.”

பல்செட்காரருக்கு அது காதில் விழவில்லை. “அம்மாவா? எங்கே? உள்ள இருக்காளா? அக்கா!” என்று அறைக்குள் ஓடியே விட்டார். மெத்தையைப் பார்த்தார், ஸ்பீக்கருக்குப் பின்னால் பார்த்தார். நாற்பதைத் தாண்டிய மனிதர், கண்ணாமூச்சி விளையாடுகிற பிள்ளையாகத் தேடினார். கண்டக்டரால் அதைப் பார்க்க முடியவில்லை.

“இல்லைங்க,” என்றான் பையன். “ரெண்டு வருஷம் ஆச்சு. நுரையீரல்ல வியாதி.”

கிடைத்ததும் போனதும் ஒரே மூச்சில். பல்செட்காரர் சுவரில் இருந்த முட்டை அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நீங்க யாரு?” என்று கேட்டான் பையன்.

“அவ தம்பி.”

பையன் வேறொன்றும் கேட்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு துணி மூட்டையை இழுத்தான். உள்ளே டேப் ரெக்கார்டர் இருந்தது. அறுந்துபோனதாகச் சொன்ன கேசட்டும் அதற்குள்ளேயே முழுசாக இருந்தது. பொத்தானை அழுத்தினான்.

தும் தும் எதுவும் இல்லை. வேகம் கூட்டாத, வெட்டாத குரல். களைத்துப்போய், ஆனால் சிரித்துக்கொண்டே பாடுகிற ஒரு பெண்.

“வாடாதே... வாடாதே... என் கண்ணு வாடாதே...”

ஒவ்வொரு ‘தே’யிலும் காற்று கசிந்தது. அதைத் தொடர்ந்து மூன்று வயதுக் குழந்தை ஒன்று, மழலையில் அதையே திருப்பிச் சொன்னது. “வாடாதே.” அதிலும் அதே காற்று. அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. அத்தோடு டேப் நின்றது.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதை எதுக்கப்பா வெட்டினே?”

“அவங்க போனப்புறம் ‘வாடாதே’ன்னா எப்படி மேடம்? எப்படி வாடாம இருக்கிறது? அதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வந்துச்சு.” பையன் ரெக்கார்டர் மூடியைத் தடவினான். “கூப்பிட்டா போதும்னு இருந்துச்சு. அந்த ஒரு எழுத்தை எடுத்துப் பார்த்தேன். ‘வாடா’ன்னாங்க. ராத்திரி பகல்னு இல்லாம கேட்டுக்கிட்டே இருந்தேன். தாளம் சேர்த்தது அப்புறம்தான். இவ்வளவு பேர் கேட்பாங்கன்னு நான் நினைக்கவே இல்லை.”

ஒரே குரல் இரண்டு பேரை இழுத்திருக்கிறது, ஒருவனை இந்த இருட்டறைக்குள், ஒருவரைப் பாலத்துக்கு.  

“பாலத்துல செருப்பு கிடந்துச்சே,” என்றார் பல்செட்காரர். அது கேள்வியா புலம்பலா என்று தெரியவில்லை.

“வார் அறுந்து போச்சாம். அங்கேயே கழட்டிப் போட்டுட்டு வெறுங்காலோட பஸ் ஏறினாங்களாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.”

ஓர் அறுந்த வாருக்கு இருபத்தி நாலு வருட துக்கம். அறுந்திருக்கிறதா என்று அந்தச் செருப்பை ஒருவர்கூடக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

“என்னைப் பத்தி... ஏதாவது...”

“தம்பி ஒருத்தன் இருக்கான், கோபக்காரன், ஆனா தங்கம்னு சொல்வாங்க. போய்ப் பார்க்கலாமேம்மான்னு கேட்டா, ‘மூஞ்சியில முழிக்காதேன்னு சொல்லிட்டான்டா, அவன் கேட்டு நான் எதையும் இல்லைன்னு சொன்னதில்லை’ம்பாங்க.”

பல்செட்காரர் கண்களை இறுக மூடிக்கொண்டார். பையன் அவர் பக்கத்தில் வந்து நின்றான். முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம். இந்த உலகத்தில் தனக்கும் ஓர் ஆள் மிச்சம் இருக்கிறது என்று இப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும்.

“அந்தப் பல்லு, மாமா. மாடிப்படியில விழுந்தேன்னு சொல்வாங்க. அப்போ நீங்க கூட இருந்தீங்களா?”

மாமா!  சொல்லிடாதய்யா, என்று கண்டக்டர் மனதுக்குள் கெஞ்சினார். மாடிப்படின்னே இருக்கட்டும். செத்தவளே மூடி வெச்சிட்டுப் போயிருக்கா, நீ ஏன் திறக்கிறே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, உனக்கு ஒரு பிள்ளை கிடைச்சுது, அவனுக்கு ஒரு மாமன் கிடைச்சான். டீச்சரைப் பார்த்தார். டீச்சர் எந்தப் பக்கமும் தலையசைக்கவில்லை.

பல்செட்காரர் கண்ணைத் திறந்தார்.

“மாடிப்படி இல்லைப்பா. கதவு,” என்றார். “நான்தான் அறைஞ்சேன். அவ மூஞ்சியைப் பார்த்துத்தான் அறைஞ்சேன்.”

பையன் ஓர் அடி பின்னால் போனான். அந்த வெளிச்சம் அணைந்துவிட்டது. எதிரே ஏதோ கடையில் அவன் பாட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தது, மெத்தையை மீறித் தும் தும் என்று கேட்டது. பாட்டு முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. பல்செட்காரர் வாசலைப் பார்க்கத் திரும்பினார்.

“எங்கம்மா என்கிட்ட பொய்யே சொன்னதில்லை,” என்றான் பையன், அவர் முதுகைப் பார்த்து. “அப்பா விட்டுட்டு ஓடிப்போனதைக்கூட மறைக்கலை. வியாதி முத்திடுச்சு, இன்னும் மூணு மாசம்தான்னு அவங்க வாயாலதான் சொன்னாங்க.”

பல்செட்காரர் நின்றார்.

“சொன்னது ஒரே ஒரு பொய்யி. அது உங்களுக்காகச் சொல்லியிருக்காங்க.”

அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்து, இருபத்தி நாலு வருடமாக அழாத அழுகையை வாய்விட்டு அழுதார். பையன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.